பட்டர்நட் ஸ்குவாஷை நம்மூர் முறையில் மசித்துச் சோற்றுக்குத் தொடுகறி செய்வது எப்படி?

கேட்டவர் வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே நம் மஞ்சள் பூசணி கிடைப்பதில்லை, பட்டர்நட் ஸ்குவாஷ்தான் கிடைக்கிறதாம். குக்கரில் வைத்து மசித்தால் தண்ணீராகப் போகிறது, பிள்ளைகளும் "பாயசம் மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எளிதாக, சோற்றோடு போகிற மாதிரி ஒன்று வேண்டும் என்கிறார்.

முதலில் அந்தத் தண்ணீர் விஷயத்தை முடித்துவிடுவோம். பூசணி வகையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். பட்டர்நட்டில் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு இரண்டு விசில் வைத்தால் காய்க்குள் இருக்கிற தண்ணீரும் வெளியே வரும், நாம் விட்டதும் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அதை எவ்வளவு மசித்தாலும் குழம்புதான். ஆகவே குக்கரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அடி கனமான ஒரு சட்டி, அதற்கு மூடி, சிறு தீ போதும். காய் தன் தண்ணீரிலேயே வேக வேண்டும், வெந்த பிறகு அந்தத் தண்ணீர் வற்ற வேண்டும். மற்றதெல்லாம் அவரவர் ருசி.

நான் இருப்பது செங்கோட்டைப் பக்கம். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேரும்வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. புளியரை தாண்டி மலை ஏறினால் கேரளத்து ஆரியங்காவு, அப்புறம் தென்மலை, புனலூர். கொண்டான் கொடுத்தான் உறவும் அந்தப் பக்கம் உண்டு. அதனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூசணிக்காய் பாசிப்பருப்புக் கூட்டாகும், அடுத்த வீட்டில் எரிசேரியாகும். ஓணம் நெருங்கிவிட்டால் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் மலையேறும். அந்த வாரம் பூசணிக்காய் விலை எங்களுக்கே ஏறிவிடும், அது வேறு வயிற்றெரிச்சல்.

எரிசேரி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பூசணியும் வன்பயறும், அதாவது சிவப்புத் தட்டப்பயறும், சேர்த்து வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு, கடைசியில் தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து மேலே கொட்டுவார்கள். ஓணச் சத்யையில், அதாவது ஓண விருந்தில், இலையில் கட்டாயம் இருக்கும். அதிலிருந்து பயறையும் அரைப்பையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் நான் சொல்லப்போவது. எங்கள் வீட்டில் இதற்குத் தனியாகப் பெயர்கூடக் கிடையாது. "பூசணிக்காயை மசிச்சு வையி" என்பாள் ஆச்சி, அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பட்டர்நட்தான் கிடைக்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். நம் மஞ்சள் பூசணியும் அதுவும் தாவரவியலில் ஒரே இனம், குக்குர்பிட்டா மாஸ்கேட்டா. சொல்லப்போனால் மசிப்பதற்கு நம்மூர்க் காயைவிட அது நல்லது. நார் குறைவு, தண்ணீர் குறைவு, கழுத்துப் பகுதி முழுக்கச் சதை. ஜப்பானியக் கபோச்சா கிடைத்தால் அதையும் வாங்கலாம். அது வேறு இனம், கிழங்கு போல மாவாக இருக்கும், அதனால் அதற்கு மட்டும் அரை டம்ளர் தண்ணீர் விட்டே வேகவைக்க வேண்டும். ஸ்பகெட்டி ஸ்குவாஷ் வேண்டவே வேண்டாம், வெந்ததும் நூல் நூலாகப் பிரியும், மசியாது. ஹாலோவீனுக்கு முகம் செதுக்க விற்கிற பெரிய ஆரஞ்சுப் பூசணியும் வேண்டாம். அதைப் பார்க்கத்தான் அழகு, வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும்.

வாங்கும்போது தோல் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். மங்கலான தோல்தான் முற்றின காய்க்கு அடையாளம். நகத்தால் அழுத்தினால் இறங்கக் கூடாது. கழுத்து நீளமாக, கையில் எடுத்தால் கனமாக, காம்பு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காயை வெட்டாமல் குளிர்ச்சியான, ஈரமில்லாத மூலையில் வைத்தால் இரண்டு மூன்று மாதம்கூடத் தாங்கும். குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடலாம் என்பதால்தான் அந்த ஊர்களில் இதைக் குளிர்காலக் காயாக எண்ணுகிறார்கள். ஆனால் இருக்க இருக்க உள்ளே இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். உங்கள் பிள்ளைகள் பாயசம் என்று சொல்வதில் தப்பில்லை. கடைக்கு வருகிற காய் பெரும்பாலும் ஏற்கெனவே நாள்பட்டதுதானே.

வெட்டுவதற்கு முன் உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நாங்கள் பலாப்பழம் அறுக்கும்போது செய்வோமே, அதேதான். பட்டர்நட்டைச் சீவும்போது வருகிற பால் கையில் காய்ந்து தோலை இறுக்கிப் பிடிக்கும், சிலருக்கு உரியவும் செய்யும். கழுத்தையும் குடத்தையும் தனித்தனியாக வெட்டிவிட்டு, வெட்டிய பக்கத்தைக் கீழே வைத்து நிறுத்தித் தோலைச் சீவினால் வழுக்காது. முதல் தோல் போனதும் அடியில் பச்சைக் கோடுகள் தெரிந்தால் இன்னொரு தரம் சீவுங்கள். அந்தக் கோடு வேகவே வேகாது. ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் காயைக் குப்பையில் போடுங்கள். அரிதாகத்தான் அப்படி வரும். ஆனால் அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டிவிடும்.

சரி, அடுப்புக்கு வருவோம். நான்கு பேருக்கு, வெட்டிய துண்டாக அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு ஓர் அங்குலம் இருந்தால் போதும், எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். சட்டியில் போட்டு கால் ஸ்பூன் மஞ்சள்தூள், முக்கால் ஸ்பூன் உப்பு, கீறின பச்சை மிளகாய் இரண்டு, அடி பிடிக்காமல் இருக்க நாலைந்து ஸ்பூன் தண்ணீர். உப்பை முதலிலேயே போடுவது முக்கியம், அதுதான் காய்க்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். மூடி, சிறு தீயில் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தால் நீங்கள் விட்டதைவிட அதிகத் தண்ணீர் அடியில் நிற்கும். ஒரு கிளறு கிளறி மறுபடி மூடுங்கள். இன்னும் எட்டுப் பத்து நிமிடத்தில் கத்தி தடையில்லாமல் இறங்கும்.

இப்போது மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டுங்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு இறக்கிவிடுகிறார்கள். மூன்று நான்கு நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால், கொதிக்கிற சத்தம் போய் அடியில் சுர்ரென்று காய்கிற சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மத்தை எடுக்க வேண்டும். பருப்பு கடையும் மர மத்து இருந்தால் அதுவே நல்லது, இல்லாவிட்டால் அகப்பையின் முதுகு. முக்கால்வாசி மசியட்டும், கால்வாசி துண்டாகவே கிடக்கட்டும். மிக்ஸியில் போடாதீர்கள். போட்டால் பல் முளைக்காத பிள்ளைக்கு ஊட்டுகிற கூழ் போல ஆகிவிடும், எந்தத் தாளிப்பும் அதைக் காப்பாற்றாது.

இனிப்புக்கு மருந்து நல்லமிளகு. அரை ஸ்பூன் மிளகும் கால் ஸ்பூன் சீரகமும் ஒன்றிரண்டாகத் தட்டி, மசித்த சூட்டிலேயே கலந்துவிடுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம், அது நிறத்தைக் கெடுக்கும், இனிப்போடு சேரவும் சேராது. பூசணிக்கு வெல்லம் போடுகிறவர்கள் உண்டு. நம்மூர்ப் பிஞ்சுக் காய்க்கு அது பொருந்தலாம், பட்டர்நட்டுக்குத் தேவையே இல்லை. வெண்ணெயும் பட்டையும் மேப்பிள் சிரப்பும் போட்டு மசிப்பது அங்கத்திய வழக்கம். சுட்ட இறைச்சிக்குப் பக்கத்தில் அது நன்றாகத்தான் இருக்கும், புளிக்குழம்புச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சண்டை போடும்.

இனி தாளிப்பு. இந்தத் தொடுகறியின் ருசியில் பாதி இங்கேதான் இருக்கிறது, இதில் சோம்பல் படாதீர்கள். ஒன்றரை மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் காயட்டும். கடுகு வெடித்ததும் மிளகாய் வத்தல் இரண்டு கிள்ளிப் போட்டு, மெல்லிசாக நறுக்கின சின்ன உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், ஆறேழு. அங்கே சின்ன உள்ளி கிடைக்காவிட்டால் ஷாலட் என்று விற்பதை வாங்குங்கள், பெரிய வெங்காயம் இதற்கு ஒத்துவராது. உள்ளியின் ஓரம் சிவந்ததும் கறிவேப்பிலை ஒரு கொத்து, உடனே நாலு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். தீயை மிதமாக வைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளையிலிருந்து மஞ்சளாக நேரம் எடுக்கும். மஞ்சளிலிருந்து கறுக்க நேரமே எடுக்காது. நல்ல டீ நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, சட்டியின் சூட்டில் மேலும் கருகாமல் இருக்க உடனே மசியலில் கொட்டிவிடுங்கள். பாதியைக் கலந்து பாதியை மேலேயே விட்டால் கடிக்கும்போது மொறுமொறுவென்று கிடைக்கும்.

உறைந்த தேங்காய்த் துருவல்தான் இருக்கிறது என்றால் முதலில் வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்துவிட்டு அப்புறம் எண்ணெயில் போடுங்கள். பாக்கெட்டில் வருகிற உலர்ந்த துருவலும் பரவாயில்லை, சர்க்கரை சேர்க்காதது என்று பார்த்து வாங்க வேண்டும். அது ஒரு நிமிடத்தில் சிவந்துவிடும், கண்ணை எடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் பிடிக்காதவர்கள் நெய்யில் தாளிக்கலாம். ரீஃபைண்டு எண்ணெயில் தாளித்தால் நான் பொறுப்பில்லை. எண்ணெயை ரொம்பவும் குறைக்க வேண்டாம் என்பதற்கு ருசி தவிர வேறு காரணமும் உண்டு: பூசணிக்கு அந்த மஞ்சள் நிறம் தருகிற பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும்.

டொரன்டோவில் இருக்கிற என் மதினி காயைச் சீவுவதே இல்லை. தோலின் கெட்டியைப் பார்த்து அலுத்துப்போய் ஒரு நாள் போன் செய்தார்கள். "மதினி, நீங்க ஏன் சீவிக்கிட்டுக் கெடக்கீங்க, ரெண்டாப் பொளந்து ஓவன்ல வச்சிருங்களேன்" என்றேன். நீளவாக்கில் பிளந்து, விதையைச் சுரண்டி, வெட்டின பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வெந்ததும் கரண்டியால் சதையை வழித்தால் தோல் தனியாக வந்துவிடும். அடுப்புச் சூட்டிலேயே தண்ணீர் வற்றிவிடுவதால் மசியல் கெட்டியாகவும் வரும். உப்பும் மிளகும் சேர்த்து மேலே சொன்ன தாளிப்பைக் கொட்டினால் சரி. சட்டியில் செய்வதைவிட இனிப்பு தூக்கலாக இருக்கும், அதனால் மிளகைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு காய்க்காக ஓவனை மூட்ட எனக்கு மனசு வராது. வேறு எதற்காவது மூட்டும் நாளில் செய்யலாம்.

இதையெல்லாம் படிக்குமுன்பே குக்கரில் வைத்துத் தண்ணீராக்கிவிட்டீர்கள் என்றால் கொட்ட வேண்டாம். அகலமான வாணலியில் பரப்பி வற்றவிடுங்கள். வற்றவில்லை என்றால் தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்து விட்டு, வேகவைத்த தட்டப்பயறு ஒரு கை போட்டு எரிசேரியாக்கிவிடுங்கள். அது கொஞ்சம் தளர இருந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

தொட்டுக்கொள்ள என்று கேட்டதால் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, மிளகு ரசம், இந்த மூன்றோடும் பிரமாதம். மோர்க்குழம்போடு சுமார். சாம்பாரோடு வேண்டாம், பருப்பின் மேல் இன்னொரு குழைவு. எனக்குப் பிடித்தது சூடான கஞ்சியும் சுட்ட பப்படமும் பக்கத்தில் இதுவும்தான். சப்பாத்தியில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போவார்கள்.

தேங்காய் இருப்பதால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பெரிய காயாக வாங்கிவிட்டால் மிளகு, தாளிப்பு எதுவும் இல்லாமல் மசித்ததை மட்டும் டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைக்கலாம். உருகும்போது மறுபடியும் தண்ணீர் விடும், அதைச் சட்டியில் சுர்ரென்கிற வரைக்கும் வற்றவிட்டு, தாளிப்பை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.