மதம் மாறினால் கொல்லச் சொல்லி குர்ஆனில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது?

முஸ்லிமாக இருந்து மார்க்கத்தை விட்டுப் போனவரை முர்தத் என்பார்கள். அவருக்கு இந்த உலகத்தில் மரண தண்டனை என்று நேரடியாகச் சொல்லும் ஆயத் (வசனம்) குர்ஆனில் இல்லை. சட்டம் ஹதீஸிலிருந்து, அதாவது நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளிலிருந்து எடுக்கப்பட்டது. மேலப்பாளையத்தில் ஓதி வளர்ந்தவன் நான். இந்த விஷயத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பாதி பாதியாகச் சொல்வதைக் கேட்டு மனசு நொந்துதான் எழுதுகிறேன்.

குர்ஆனின் 2-வது அத்தியாயம் 217-வது ஆயத் (2:217), மார்க்கத்தை விட்டுத் திரும்பி அப்படியே இறந்துபோகிறவரின் நன்மைகள் அழிந்துவிடும், அவருக்கு நரகம் என்கிறது. எச்சரிக்கை கடுமைதான், ஆனால் தண்டிப்பவன் அல்லாஹ். 2:256 மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்கிறது. 4:89-ல் "கொல்லுங்கள்" என்று இருக்கிறதே என்று சிலர் காட்டுவார்கள். அடுத்த ஆயத்தையும் ஓத வேண்டும். சண்டையிடாமல் ஒதுங்கிச் சமாதானமாக இருப்பவர்கள் மீது உங்களுக்கு வழியில்லை என்று அது சொல்கிறது. ஆக, பேச்சு போர்க்காலத்தைப் பற்றியது.

இனி ஹதீஸ். "தன் மார்க்கத்தை மாற்றிக்கொண்டவரைக் கொல்லுங்கள்" என்பது நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கலீஃபா அலி (ரலி) சிலரை எரித்துத் தண்டித்த செய்தி வந்தபோது, நெருப்பால் தண்டிப்பது அல்லாஹ்வுக்கே உரியது என்று மறுத்துவிட்டு இப்னு அப்பாஸ் இதைச் சொன்னார். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இன்னொரு ஹதீஸ், உயிர் பறிக்கத்தக்க மூன்று பேரைச் சொல்கிறது. அதில் மூன்றாமவர் "மார்க்கத்தை விட்டு, ஜமாஅத்தைப் பிரிந்து போனவர்". இந்தப் பிரிந்து போதலைச் சமுதாயத்துக்கு எதிராகத் திரும்புவதாக எடுத்துக்கொண்ட ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அதே புகாரியில் உள்ள இன்னொரு சம்பவத்தை நம் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அதிகம் கேட்க முடிவதில்லை. கிராமத்து அரபி ஒருவர் மதீனாவுக்கு வந்து நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் (உறுதிமொழி) செய்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. திரும்பி வந்து, என் பைஅத்தை ரத்து செய்யுங்கள் என்கிறார். நபி மறுக்கிறார்கள். மறுபடி வந்து கேட்கிறார், மறுபடியும் மறுப்பு. கடைசியில் ஊரை விட்டே போய்விடுகிறார். மதீனா கொல்லனின் துருத்தி போல, அழுக்கை வெளியேற்றிவிடும் என்று மட்டும் நபி சொன்னார்கள். பின்னால் ஆள் அனுப்பவில்லை. அவர் விட்டது இஸ்லாத்தையா, மதீனாவில் குடியிருப்பதையா என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்க்கச் சட்டத்தில் மத்ஹப் எனப்படும் நான்கு சட்டப் பள்ளிகள் உண்டு; எங்கள் வீடு ஹனஃபி, காயல்பட்டினத்துக்காரர்கள் ஷாஃபி. அஸர் தொழுகையின் நேரம் வேறுபடுவது எல்லாருக்கும் தெரியும். இந்தச் சட்டத்திலும் வேறுபாடு உண்டு. நான்கு மத்ஹபுகளும் ஆணுக்கு மரண தண்டனை என்றே எழுதிவைத்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பெண் முர்தத்தைக் கொல்லக் கூடாது, சிறையில் வைக்க வேண்டும் என்கிறது ஹனஃபி. ஷாஃபியில் ஆண் பெண் இருவருக்கும் ஒரே தண்டனை. ஹனஃபிகள் சொன்ன காரணம்தான் முக்கியம்: பெண் போரிடுபவள் அல்ல, போரில் பெண்களைக் கொல்வதை நபி தடுத்தார்கள். ஈமானை (இறைநம்பிக்கையை) விட்டது மகா பாவம், ஆனால் அது அடியானுக்கும் இறைவனுக்கும் இடையிலானது என்று 11-ம் நூற்றாண்டிலேயே ஹனஃபி இமாம் ஸரக்ஸி எழுதினார். அப்படியென்றால் தண்டனை நம்பிக்கைக்கா, போருக்கா? 20-ம் நூற்றாண்டில் எகிப்தின் மார்க்கக் கல்வி நிறுவனமான அல்அஸ்ஹரின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத், வெறும் நம்பிக்கை மாற்றம் மட்டுமே உயிரைப் பறிக்கக் காரணமாகாது என்ற கருத்தை எடுத்துவைத்தார்.

இன்னொன்று. தண்டிக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கும் காழிக்கும் (நீதிபதிக்கும்)தான் என்பதில் பழைய இமாம்கள் தெளிவாக இருந்தார்கள். 2017-ல் கோவையில் கடவுள் இல்லை என்று பேசிய ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்களே, அதற்கு எந்த மத்ஹபின் கிதாபைத் திறந்தாலும் அனுமதி கிடையாது. அது கொலை.

1981-ல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்துக்கு வந்தபோது அது அவர்கள் உரிமை என்று நாம் உரக்கச் சொன்னோம். அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு தரும் உரிமை, வருகிறவருக்குப் போலவே போகிறவருக்கும் உண்டு.

அப்புறம், மார்க்கத்தை விட்டால் நிக்காஹ் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹனஃபி ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) அது முறிந்துவிடும். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்ப வேறு வழியில்லாமல் பிரிட்டிஷ் காலத்தில் வட இந்தியப் பெண்கள் சிலர் இஸ்லாத்தை விட்டதாக அறிவித்தார்கள். அதைப் பார்த்துப் பதறிய ஹனஃபி ஆலிம் அஷ்ரஃப் அலி தானவி, மாலிகி மத்ஹபிலிருந்து தீர்வு எடுத்துக் கொடுத்தார். 1939-ல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. அதன் 4-வது பிரிவுப்படி, மனைவி மார்க்கத்தை விட்டதாலேயே திருமணம் முறியாது, அவர் நீதிமன்றம் போய்த்தான் பிரிய வேண்டும். வேறு மதத்திலிருந்து வந்த பெண் தன் பழைய மதத்துக்கே திரும்பினால் மட்டும் அந்தப் பிரிவு பொருந்தாது.