வக்கீலுக்குப் படித்தால் கோர்ட் வாசலோடு சரியா?

அண்ணா, போன வாரம் பெருந்துறையிலிருந்து வந்து, "பாப்பா வக்கீலுக்குத்தான் படிப்பேன்கிறாளுங்க, அப்புறம் பெரிய அரசாங்கப் பதவிக்கெல்லாம் போக முடியாதே" என்று வருத்தப்பட்டீர்கள் இல்லையா, அதற்கு அன்றைக்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை.

போகலாங்க. ஐஏஎஸ் எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும், சட்டமும் டிகிரிதான். முதன்மைத் தேர்வில் சட்டத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம், 1750 மார்க்கில் 500 அதற்குத்தான். வயது 21 முதல் 32 வரை, ஓபிசிக்கு 35. ஆனால் கிரீமி லேயரில், அதாவது வருட வருமானம் 8 லட்சத்தைத் தாண்டிய வசதியான ஓபிசி கணக்கில் வந்துவிட்டால் அந்த மூன்று வருடம் போய்விடும். தோட்டத்து வருமானத்தை அந்த 8 லட்சக் கணக்கில் சேர்ப்பதில்லை, உங்கள் தறி வருமானத்தைச் சேர்ப்பார்கள். இப்போதே ஆடிட்டரிடம் கேட்டு வையுங்கள்.

நீதிபதி வழி வேறு. முன்பெல்லாம் நம் ஊரில் படித்து முடித்த கையோடு சிவில் நீதிபதி தேர்வு எழுதினார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கு, தொழில் செய்த கோர்ட்டின் தலைமை நீதித்துறை அதிகாரி சான்று தர வேண்டும், இல்லையென்றால் பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் தரும் சான்றை அந்த அதிகாரி ஏற்று ஒப்பமிட வேண்டும். அதனால் பெயரை மட்டும் பதிந்துவிட்டு டெல்லி கோச்சிங்கில் உட்கார்ந்திருந்தால் அந்த வருடங்கள் கணக்கில் வராது. அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்கோ ஐந்து வருடம் கிரிமினல் கோர்ட் அனுபவம் கேட்கிறார்கள். நேரடியாக மாவட்ட நீதிபதி ஆக ஏழு வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும்.

பார்த்தீர்களா, ஐஏஎஸ் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நீங்கள் பயப்படுகிற அந்தக் கோர்ட் வாசல்தான் கேட்கப்படுகிறது! பவானிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த சதாசிவம் ஐயா 1973-ல் வக்கீலாகப் பதிந்தார், அரசு வக்கீலாக இருந்தார், 1996-ல் உயர் நீதிமன்ற நீதிபதி, 2013-ல் இந்தியாவின் தலைமை நீதிபதி, அப்புறம் கேரள ஆளுநர். வக்கீல் தொழிலில் மட்டும் இருபது வருடத்துக்கு மேல், அதையும் சேர்த்துப் பார்க்கணும்.

ஆகவே என் யோசனை: மருதமலை ரோட்டில் இருக்கிற கோவை அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள், பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கிறார்கள், நுழைவுத் தேர்வு இல்லை. ஐந்து வருடம் முடிந்ததும் நல்ல சீனியர் வக்கீலிடம் விடுங்கள், காலையில் கோர்ட், ராத்திரி ஐஏஎஸ் படிப்பு. கஷ்டம்தான், முதல் வருடம் பெட்ரோல் காசுகூட நீங்கள்தான் தர வேண்டியிருக்கும். ஆனால் ஐஏஎஸ் கிடைக்காமல் போனாலும் 26 வயதில் அவள் கையில் மூன்று வருட அனுபவம் இருக்கும். வெறும் கோச்சிங் போன பிள்ளைக்கு அது இருக்காது. நடுவில் "சும்மா இருக்கட்டுமே" என்று பேங்க் வேலையில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், சம்பள வேலைக்குப் போனால் வக்கீல் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு நாள் பாப்பாவை ஈரோடு கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின் பெஞ்சில் உட்கார வையுங்கள். வாய்தா, வாய்தா என்று போய்க்கொண்டிருக்கும். மத்தியானம் வரை தூங்காமல் கவனித்தாள் என்றால் எனக்கு போன் பண்ணுங்க.