பெருக்கல் மலிவு, போக்குவரத்துதான் செலவு: சின்ன சிப்பில் நியூரல் நெட்வொர்க், கேள்வி பதில்

எஃப்பிஜிஏவிலும் (உள்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) மைக்ரோகன்ட்ரோலரிலும் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) நியூரல் நெட்வொர்க்கை (எடைகள் எனப்படும் எண்களால் உள்ளீட்டைப் பெருக்கிக் கூட்டி விடை சொல்லும் மாடல்) ஓடவைப்பதுதான் என் அன்றாட வேலை. கேட்டவர்களுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி: அக்கா, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக எஃப்பிஜிஏவில் ஆக்சிலரேட்டர் (அந்தக் கணக்கை வேகமாக்கும் சுற்று) செய்கிறேன். பெருக்கும் யூனிட்களை 64லிருந்து 128 ஆக்கினேன். வேகம் துளிகூட ஏறவில்லை. எங்கே தப்பு?

பதில்: பெருக்குவதில் தப்பு இருக்காது. அந்த 128 யூனிட்டும் டேட்டா வரட்டும் என்று காத்துக் கிடக்கின்றன. அடுப்பு பத்து, தண்ணீர் சுமக்கக் குடம் ஒன்று என்றால் சமையல் எப்படி நடக்கும்?

ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் காட்டிய கணக்கை நான் இன்னும் மேஜைமேல் ஒட்டி வைத்திருக்கிறேன். 45 நானோமீட்டர் சிப்பில் இரண்டு 8 பிட் எண்களைப் பெருக்க ஆகும் ஆற்றல் 0.2 பைக்கோஜூல் (ஒரு பைக்கோஜூல் என்பது ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 32 பிட் ஃப்ளோட் என்றால் 3.7. சிப்புக்கு வெளியே இருக்கும் டிராம் நினைவகத்திலிருந்து ஒரே ஒரு 32 பிட் எண்ணைக் கொண்டுவரவோ சுமார் 640! அதனால் ஒருமுறை உள்ளே வந்த எண்ணை எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்பதுதான் டிசைனின் உயிர். எம்ஐடியின் ஐரிஸ் சிப் (2016) இதை மனதில் வைத்தே செய்தது. அதில் 168 யூனிட்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகச் சிறு நினைவகம். ஃபில்டரின் (படத்தோடு பெருக்கும் எடைகளின் சிறு கட்டம்) ஒரு வரிசை அங்கேயே தங்கும், படத்தின் வரிசை அதன்மேல் நகர்ந்து போகும்.

முதலில் யூனிட்கள் சும்மா இருக்கும் சைக்கிள்களை எண்ண ஒரு கவுன்டர் போடுங்கள். பிறகு பஃபரை (டேட்டா தற்காலிகமாகத் தங்கும் இடம்) இரண்டாக்குங்கள்: ஒன்றில் கணக்கு நடக்கும்போதே மற்றதில் அடுத்த டைல் (ஒரு தடவைக்கு எடுக்கும் டேட்டாத் துண்டு) நிரம்பட்டும். அப்படியும் ஏறவில்லை என்றால் டேட்டா வரும் பாதையான பஸ்ஸின் அகலம் போதவில்லை. அப்போது டைல் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: எண்கள் 8 பிட்தானே மேடம்? கூட்டிச் சேர்க்கும் ரெஜிஸ்டர் ஏன் 32 பிட்? 16 வைத்தால் இடம் மிச்சமாகுமே.

பதில்: -128ஐ -128ஆல் பெருக்கினால் 16,384. அதை இரண்டு முறை கூட்டினால் 32,768. குறியுள்ள 16 பிட் தாங்குவது 32,767 வரைதான். இரண்டாவது கூட்டலிலேயே வழிந்துவிடும். 256 சேனல் (டேட்டாவின் அடுக்குகள்) உள்ள 3×3 ஃபில்டரில் 3×3×256, அதாவது 2,304 பெருக்கல்களைக் கூட்ட வேண்டும். மோசமான நிலையில் 27 பிட் தேவைப்படும். நெட்வொர்க் இனி மாறவே மாறாது என்றால் 27ஓடு நிறுத்தலாம். மாறும் என்றால் 32ஐக் குறைக்காதீர்கள்.

கேள்வி: என் போர்டில் ராம் 256 கேபி, ஃப்ளாஷ் 1 எம்பி. ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் மாடல் 250 கேபி. கொள்ளுமா?

பதில்: கொள்ளும். அந்த 250 கேபி எடைகள் நிரந்தர நினைவகமான ஃப்ளாஷிலேயே இருக்கட்டும், அங்கிருந்தே படிக்கலாம். ராமில் வருவது இடைநிலை விடைகள். 96×96 கறுப்பு வெள்ளைப் படம், கால் அகல மொபைல்நெட் (சின்னச் சாதனங்களுக்கான மாடல், சேனல்கள் கால் பங்கு மட்டும்) என்று வைத்துக்கொள்கிறேன். முதல் லேயர் 48×48×8 தரும்: 18,432 பைட். சற்றுப் பின்னால் அது 48×48×16 ஆக விரியும்: 36,864 பைட். அந்த நேரத்தில் இரண்டும் ஒருசேர ராமில் இருந்தாக வேண்டும், அதாவது 54 கேபி. அதற்குப் பிறகு உச்சம் ஏறாது. கேமரா பஃபருக்கும் ஸ்டாக்குக்கும் தாராளமாக இடமிருக்கிறது. மாடல் சைஸைப் பார்த்தே பலர் பயந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இந்த உச்சத்தை.

கேள்வி: எடைகளில் 70 சதவீதத்தைப் பூஜ்யமாக்கியும் நேரம் குறையவில்லையே?

பதில்: பூஜ்யம் என்று ஹார்டுவேருக்கு யார் சொன்னது? அது பூஜ்யத்தையும் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டுதான் இருக்கும். மூலைக்கொன்றாகச் சிதறிய பூஜ்யங்களை விட்டு, முழுச் சேனல்களாக வெட்டுங்கள். சாதாரண சிப்பிலும் பலன் தெரியும்.

கேள்வி: மொபைல்நெட்டில் கணக்கு எட்டு ஒன்பது மடங்கு குறைவு என்றார்கள். என் 16×16 சிஸ்டாலிக் அரேயில் (பெருக்கும் யூனிட்களை வரிசையும் பத்தியுமாக அடுக்கிய கட்டம்) அவ்வளவு லாபம் வரவில்லை.

பதில்: மொபைல்நெட்டின் டெப்த்வைஸ் லேயரில் ஒவ்வொரு சேனலுக்கும் கணக்கு தனித்தனி, ஒன்றோடு ஒன்று கூடாது. உங்கள் அரேயில் வரிசைக்கு ஓர் உள்ளீட்டுச் சேனல், பத்திக்கு ஒரு வெளியீட்டுச் சேனல் என்றால் மூலைவிட்டத்தில் இருக்கும் 16 யூனிட்கள்தான் உருப்படியாக வேலை செய்யும்; 240 சும்மா இருக்கும். அந்த லேயருக்கு மட்டும் தனியாக ஒரு சிறு பிளாக் கட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: மாடலை எவ்வளவு சுருக்கினாலும் பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது அக்கா.

பதில்: எனக்கும் இது நடந்தது. மூன்று வாரம் மாடலைச் செதுக்கினேன், பேட்டரி ஆயுள் அசையவில்லை. கடைசியில் மீட்டரை வைத்தேன். சிப் தூங்கும்போதும் மைக்குக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் விழித்தே இருந்தது. முதலில் தூங்கும் நேரத்து மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். அது மைக்ரோஆம்பியரில் இல்லாமல் மில்லிஆம்பியரில் இருந்தால், மாடலைத் தொடாமல் சர்க்யூட்டைத் தேடுங்கள்.