மூன்றரை வயது மகள் அடுத்த மாதம் பள்ளிக்குப் போகிறாள். கழிப்பறையில் தானே கழுவிக்கொள்ள எப்படிப் பழக்குவது?

முதலில் மக்கை மாற்றுங்கள். பெரியவர்களுடைய மக்கில் தண்ணீர் நிரம்பினால் பிஞ்சுக் கைக்குக் கனம். பாதி முதுகில் கொட்டும். என் மகளுக்குச் சின்ன மக் வாங்கிய பிறகுதான் கைவந்தது. ஹெல்த் ஃபாசெட் (கழுவ வைத்திருக்கும் கைக்குழாய்) இப்போதைக்கு வேண்டாம், பீய்ச்சும் வேகத்தில் பயந்துவிடுவாள்.

பெண் குழந்தை என்பதால் இது முக்கியம்: முன்னாலிருந்து பின்பக்கமாகத்தான் கழுவ வேண்டும். மாறிப்போனால் மலத்திலுள்ள கிருமி சிறுநீர்ப் பாதையில் புகுந்து தொற்று வரலாம். முதலில் ஹாலில், உடையோடு குந்த வைத்தே ஒத்திகை பாருங்கள். சிரிப்பாள், சிரிக்கட்டும்.

கழுவி முடித்ததும் கைக்குச் சோப்பு ஏன் என்று வாயால் சொன்னால் ஏறாது. உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயும் துளி மஞ்சள்தூளும் தடவி, வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பிசுக்குப் போகாது. அப்புறம் சோப்பு போட்டு 20 விநாடி, நகக்கண் வரை. மெட்ரோ வாட்டர் லாரியை நம்பியிருக்கும் வீடென்றால், தேய்க்கும்போது குழாயை மூடவும் சேர்த்தே பழக்கிவிடுங்கள்.

பள்ளியில் ஆயாம்மா இருப்பார். ஆனால் கேட்கக் கூச்சப்பட்டு மதியம்வரை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. "மிஸ், பாத்ரூம் போகணும்" என்று சத்தமாகக் கேட்க வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். பொத்தான் வைத்த பேன்ட் வேண்டாம், எலாஸ்டிக் போதும்.