கொலைக்கு நியாயம் கேட்க எந்தக் கோர்ட்? பத்தாங் காலி கேள்வி பதில்

மலேசியாவில் பத்தாங் காலி என்னும் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்த சட்டக் கலந்துரையாடலில் நம் ஊர்க்காரர்கள் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் இவை. நான் லாயர் இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

தோட்டத்து அக்கா ஒருவர்: ஐயா, என் தம்பியைக் கொன்னு ஆறு வருஷம் ஆச்சு. யாரையும் பிடிக்கல. அனைத்துலக மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போலாம்னு மகன் சொல்றான். அது எங்க இருக்கு?

உலகத்துக்கெல்லாம் பொதுவாக அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை அக்கா. ஐரோப்பாவுக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒன்று, அமெரிக்கக் கண்டத்துக்குக் கோஸ்டா ரிக்காவில் ஒன்று, ஆப்பிரிக்காவுக்குத் தான்சானியாவின் அருஷாவில் ஒன்று. ஆசியாவுக்கு எதுவும் கிடையாது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் 2009இல் மனித உரிமை ஆணையம் ஒன்றை அமைத்தது, ஆனால் அது தீர்ப்புச் சொல்லும் இடமில்லை. ஹேக்கில் இருக்கும் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் இனப்படுகொலை, போர்க்குற்றம் மாதிரி பெரிய குற்றங்களை விசாரிப்பது. மலேசியா 2019 மார்ச்சில் அதில் சேர்ந்து, அடுத்த மாதமே விலகிக்கொண்டது.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மனித உரிமை நீதிமன்றத்தில் கொலைகாரன் கூண்டில் நிற்பதில்லை, அரசாங்கம்தான் நிற்கும். யார் கொன்றது என்பதைக் கண்டுபிடிப்பது அதன் வேலையே இல்லை. ஓர் உயிர் போனதும் ஒழுங்காக விசாரித்தாயா என்று அரசாங்கத்தைக் கேட்பதுதான் அதன் வேலை. இதே கேள்வியை இங்கேயே எழுத்தில் கேட்க வழி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

கல்லூரி மாணவர்: 1948இல் இங்கே சுட்டுக் கொல்லப்பட்ட 24 பேரின் குடும்பங்கள் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனார்களே, எப்படி?

சுட்டது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை. அதனால் பதில் சொல்ல வேண்டியது லண்டன். லண்டனைக் கூண்டில் நிறுத்த ஸ்ட்ராஸ்பர்க் இருக்கிறது.

நம் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் நடந்தது அது. தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்றது அரசாங்கம். 1970 வாக்கில் முன்னாள் படைவீரர்கள் சிலர் பத்திரிகையிடம் வேறு கதை சொன்னார்கள். ஸ்காட்லாந்து யார்டு விசாரணையைத் தொடங்கியது, பிரிட்டனில் ஆட்சி மாறியதும் அது நின்றுபோனது. 1993இல் நம் போலீசும் தொடங்கியது, 1997இல் மூடியது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பொது விசாரணை வேண்டும் என்று விடாமல் லண்டன் கோர்ட் படியேறினார்கள். 2012இல் தோல்வி, 2014இல் மேல்முறையீட்டிலும் தோல்வி, 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. அங்கே லேடி ஹேல் என்ற ஒரே நீதிபதி மட்டும் குடும்பங்களின் பக்கம் நின்றார்.

2018இல் ஸ்ட்ராஸ்பர்க் மனுவை ஏற்கவே இல்லை. காரணம் காலக்கணக்கு. தனிமனிதர் அங்கே மனுப் போடும் உரிமையை பிரிட்டன் கொடுத்தது 1966இல். சாவுக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இங்கே பதினேழுக்கு மேல். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையே 1950இல்தான் எழுதப்பட்டது என்பதும் இடித்தது. கொலை சட்டப்படி சரி என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை, நேரம் கடந்துவிட்டது என்றது. என்னைக் கேட்டால், விசாரணையை இழுத்தடித்தவர்களுக்கே அந்த இழுத்தடிப்பு கவசமாகிவிட்டது.

மீண்டும் அக்கா: அப்ப நான் இங்க என்ன செய்யறது? போலீஸ் பாலாய்க்குப் போனா "இன்னும் விசாரணைல இருக்கு"ங்கறாங்க.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் ஆனபின், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்தவர் எழுதிக் கேட்கலாம். இரண்டு வாரத்தில் பதில் தரவேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்குரைஞருக்கு, அதாவது டிபிபி அலுவலகத்துக்கு, புகார் எழுதுங்கள். அவர்கள் போலீசுக்கு உத்தரவு போட வேண்டும். விசாரணையைக் கெடுக்கக்கூடிய விவரத்தை மட்டும் போலீஸ் சொல்ல மறுக்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. இந்த உரிமை ரிப்போர்ட் கொடுத்தவருக்குத்தான். தோட்டத்தில் சாவு என்றால் முதலில் பாலாய்க்கு ஓடுவது பெரும்பாலும் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரோ பக்கத்து வீட்டுக்காரரோதான். உங்கள் பெயரில் ரிப்போர்ட் இல்லையென்றால், உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி இப்போதே ஒன்று கொடுங்கள். கொலைக் குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது, அதனால் ஆறு வருஷம் ஆனாலும் கேட்கலாம். கேட்கும் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்க மறக்க வேண்டாம். நம் ஆட்கள் தொகுதி உறுப்பினரான ஒய்பியிடம் மனுக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், நகல் மட்டும் வைத்திருக்க மாட்டார்கள்.

லோரி ஓட்டும் தம்பி: என்எஃப்ஏன்னு ஃபைலை மூடிட்டா?

இனி நடவடிக்கை இல்லை என்று போட்டாலும் மரண விசாரணை கேட்கலாம் தம்பி. அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 339ஆம் பிரிவின்படி அதை நடத்தச் சொல்லும் அதிகாரம் அரசுத் தரப்பு வழக்குரைஞருக்கு இருக்கிறது. குடும்பம் லாயர் மூலம் அவருக்கு எழுதலாம். லாக்கப்பில் நடந்த சாவென்றால் விசாரணை கட்டாயம். 2014 முதல் இதற்கென்று கொரோனர் நீதிமன்றங்கள் இருக்கின்றன.

கொரோனர் யாரையும் தண்டிக்க முடியாது. எப்படிச் செத்தார், அதில் யாருக்காவது குற்றப் பங்கு உண்டா என்று சொல்வார். அந்த முடிவையும் எதிர்த்துப் போகலாம். ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்கு விசாரணைக்குப் போய் இறந்த தியோ பெங் ஹொக்கின் வழக்கில் 2011இல் கொரோனர் முடிவு சொல்லாமல் விட்டார். குடும்பம் விடவில்லை. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, அடையாளம் தெரியாத ஆட்களின் சட்டவிரோதச் செயலால் வந்த சாவு என்றது. அதற்குப் பிறகும் யார்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு சகோதரி: நம் நாட்டு மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குப் போகலாமா?

போலீசோ வேறு அதிகாரியோ சம்பந்தப்பட்டிருந்தால் போங்கள். கோர்ட்டில் நடக்கும் வழக்கை அவர்கள் தொட முடியாது. பொது விசாரணை நடத்தலாம், பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் அவர்கள் எழுதிவைப்பது பிறகு சிவில் வழக்குக்கு உதவும்.

பழைய கிராணியார் வீட்டுப் பேரன்: யாழ்ப்பாணத்தில் எங்கள் மாமாவைக் கொன்றார்கள். அதுக்கு?

மலேசியாவுக்கு இல்லாத ஒரு வழி இலங்கைக்கு உண்டு. ஐநா மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் புகார் போவதை இலங்கை 1997இல் ஏற்றது. அந்த ஏற்பே செல்லாது என்று 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னாலும் குழு புகார் வாங்குகிறது. முதலில் அங்குள்ள நீதிமன்றங்களைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அவை அளவுக்கு மீறி இழுத்தடிப்பதைக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

அதே பேரன்: இந்தியாவில் மனித உரிமை நீதிமன்றமே இருக்காமே?

1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தையே அப்படி அறிவிக்கலாம் என்கிறது. பெயர் பெரிதே தவிர, அங்கே நடக்கும் மீறல்களுக்குத்தான். நம் வழக்கு அங்கே போகாது.

கணவரை இழந்த ஒருவர்: அவர் போய் ஒரு வருஷம் ஆகுது. நஷ்டஈடு கேட்டா கொலை வழக்கு கெட்டுப்போகுமா?

கெடாதுமா, இரண்டும் தனித்தனி. சிவில் சட்டம் 1956, பிரிவு 7இல் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குப் போடலாம். கூடப்பிறந்தவர்களுக்கு அதில் இடமில்லை. கெடு, இறந்த நாளிலிருந்து மூன்று வருஷம். மேலே கேட்ட அக்காவின் தம்பி குடும்பத்துக்கு அது முடிந்துவிட்டது, உங்களுக்கு இன்னும் இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போகும்போது மரணச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, ரிப்போர்ட் எண், அவருடைய சம்பளச் சீட்டு நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். சம்பளச் சீட்டு இல்லையென்றால் தோட்ட அலுவலகத்தில் இபிஎஃப் சந்தா விவரமாவது கேட்டு வாங்குங்கள்.