குப்பைமேட்டு மண்ணில் காரீயம் எவ்வளவு? கேட்டதும் சொன்னதும்

மண் பரிசோதனைக் கூடத்தில்தான் என் பிழைப்பு. சென்னையின் பெரிய குப்பைமேடுகள் இருக்கும் கொடுங்கையூர், பெருங்குடி பக்கத்திலிருந்துதான் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்கள் வீடு கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கம். கொல்லையில் ஒரு பிடி மண் எடுத்து லேபில் கொடுத்தால் போதுமா?

போதாது. ஒரு பிடி மண் அந்தப் பிடியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். என்றைக்கோ ஒரு பழைய பேட்டரி உடைந்து கிடந்த இடமென்றால் எண் எகிறும், இரண்டடி தள்ளி எடுத்தால் ஒன்றுமே இருக்காது. கொல்லை முழுக்க வளைந்து வளைந்து நடந்து பத்துப் பன்னிரண்டு இடத்தில், சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழம் வரை எடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து, அரை கிலோ மிஞ்சும்வரை இதையே செய்ய வேண்டும். துத்தநாகப் பூச்சு போட்ட வாளியைத் தொடாதீர்கள், அப்புறம் ரிப்போர்ட்டில் துத்தநாகம் ஏன் இவ்வளவு என்று என்னிடம் கேட்பீர்கள். நிழலில்தான் உலர்த்த வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடமென்றால் மேல் 2 செ.மீ. மண்ணைத் தனியாக எடுங்கள்; கையில் ஒட்டி வாய்க்குப் போவது அதுதான், காரீயம் இறங்காமல் தங்குவதும் அங்கேதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ‘சுத்தமான’ மண்ணும் எடுக்கச் சொல்கிறார்களே, அது அவசியமா?

அதில்தான் எல்லாமே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே சொதப்பினேன். குப்பைமேட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய், வண்டியை விட்டு இறங்க அலுப்புப்பட்டு, பெரிய சாலையின் ஓரத்திலேயே மண்ணெடுத்து வந்தேன். ரிப்போர்ட்டில் குப்பைமேட்டு மண்ணுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை, குப்பைமேடு சுத்தம் என்று எழுதிக்கூட வைத்துவிட்டேன். காரீயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000இல் நின்றுவிட்டது, ஆனால் அது கக்கிய காரீயம் சாலையோர மண்ணை விட்டு எங்கும் போகவில்லை. என் ‘சுத்தமான’ மண்ணே அழுக்கு மண். அதே வகை மண்ணாக, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, சாலையும் பட்டறையும் இல்லாத இடமாகப் பாருங்கள். களிமண்ணை மணலோடு ஒப்பிடாதீர்கள், களி இயல்பாகவே உலோகத்தை அதிகம் பிடித்து வைத்திருக்கும்.

புவித்திரள் குறியீடு என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

மண் இயல்பைவிட எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்டும் எண் அது; கூடினால் மாசும் கூட. 1969இல் முல்லர் என்பவர் கொண்டுவந்தது. அளந்த அளவை, இயல்பான அளவின் ஒன்றரை மடங்கால் வகுத்து, 2ஐ அடிமானமாக வைத்து மடக்கை எடுப்பது, அவ்வளவுதான். உங்கள் மண்ணில் காரீயம் கிலோவுக்கு 120 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் இருக்கும் களிப்பாறைச் சராசரி 20ஐ இயல்பு என்று எடுத்தால் விடை 2. உங்கள் வட்டாரத்து மண்ணின் இயல்பு 40 என்றால் விடை 1. அதே மண்தான், வகுக்கும் எண்தான் மாறியது. குறியீட்டைக் காட்டி யாராவது பயமுறுத்தினாலும் சமாதானம் சொன்னாலும், இயல்பு அளவு எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் ரிப்போர்ட்டில் காட்மியம் ‘கண்டறியும் எல்லைக்குக் கீழே’. அப்போ இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. அந்த எல்லை எவ்வளவு என்று பாருங்கள். காட்மியத்தின் இயல்பே கிலோவுக்கு சுமார் 0.3 மில்லிகிராம்தான், கருவியின் எல்லை 2 என்றால் ஐந்து மடங்கு மாசு இருந்தாலும் அதன் கண்ணில் படாது. ஹாகன்சன் என்பவர் 1980இல் போட்ட ஆபத்துக் கணக்கில், நச்சுத்தன்மைக்குத் துத்தநாகத்துக்குக் கொடுத்த மதிப்பு 1, காட்மியத்துக்கு 30. அதனால் இதை விட்டுவிடாமல் வேறு கருவியில் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் கல்லூரி மாணவி. பள்ளிக்கரணைப் பக்கம் ஆய்வு செய்கிறேன். ராஜதிராவகத்தில் (உலோகத்தைக் கரைக்கும் கடும் அமிலக் கலவை) கரைத்து மொத்த அளவு எடுத்தால் போதுமா மேடம்?

மொத்த அளவு கட்டாயம் வேண்டும், ஆனால் அது எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு கிளம்பும் என்று சொல்லாது. செடிக்குக் கிடைக்கும் அளவுக்கு டிடிபிஏ (DTPA) என்ற, உலோகத்தைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருளின் கரைசலில் பிரித்தெடுங்கள், மண்ணின் கார அமிலத் தன்மையையும் சேர்த்து அளந்துவிடுங்கள். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், அங்கே சேறு தனிக்கதை. காற்றுப் படாத சேற்றில் உலோகம் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும், காய்ந்து காற்றுப்பட்டால் கழன்றுகொள்ளும். வெயிலில் காயவைத்துவிட்டு டிடிபிஏ பார்த்தால், சதுப்பில் இருந்ததை அல்ல, நீங்கள் உண்டாக்கியதைத்தான் அளப்பீர்கள். மழைக்கு முன்னால் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் ஒருமுறை எடுங்கள்.

கீரை போட்டிருக்கிறோம். சாப்பிடலாமா?

ரிப்போர்ட் வரும்வரை கீரையும் முள்ளங்கியும் வேண்டாம். காட்மியம் கீரைக்குள் ஏறிவிடும், கழுவினால் போகாது. காரீயம் பெரும்பாலும் தூசியாக இலைமேல் ஒட்டியிருக்கும், அதைக் கழுவலாம். புடலை, அவரை மாதிரிக் காய்களில் இரண்டுமே குறைவு.

சூரியகாந்தி வைத்தால் உலோகத்தை உறிஞ்சிவிடுமாமே?

பல வருஷம் ஆகும், காரீயமோ அசைந்தே கொடுக்காது. சரி, உறிஞ்சியது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் செடியைப் பிடுங்கி எங்கே போடுவீர்கள்? திரும்ப அதே குப்பைமேட்டில்தானே?

குப்பைமேட்டைக் கிளறிச் சலித்த மண்ணை உரமென்று தந்தால் வயலில் போடலாமா?

உரக்கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் குப்பையில் செய்த உரத்துக்கு வரம்பு இருக்கிறது: கிலோவுக்குக் காரீயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50 மில்லிகிராம். கொடுப்பவரிடம் அந்த லோடுக்கான ரிப்போர்ட்டைக் கேளுங்கள், போன வருஷத்து ரிப்போர்ட் வேண்டாம். அது இல்லையென்றால் பள்ளம் நிரப்பக்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும், கிணறு பக்கத்தில் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

நாலு நாட்டுக்கோழி கொல்லையில் மேய்கிறது. பேரனுக்குத் தினம் அந்த முட்டைதான்.

அம்மா, இதை முதல் கேள்வியாகவே போட்டிருக்க வேண்டும். கோழி நாளெல்லாம் மண்ணைக் கொத்தும், காரீயம் இருந்தால் முட்டை மஞ்சள்கருவில் வந்து சேரும். மண் ரிப்போர்ட் வரும்வரை கோழிகளைச் சிமென்ட் தரையில் அடைத்து, தட்டில் தீனி வையுங்கள். பேரனுக்குக் கடை முட்டை போதும்.