ஸ்பீக்கர் பெட்டி சொல்லாத கணக்கு

அன்புள்ள ஐயா,

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஸ்பீக்கர் பெட்டி காலை முதல் இரவு வரை ‘பதினைந்து ரூபாய் பெறப்பட்டது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நாளுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாது என்று நண்பர்கள் சேர்ந்து கணக்கிட்டோம். அப்படியானால் மாதம் 1,80,000. என் சம்பளம் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதுவும் டிடிஎஸ் பிடித்த பிறகே கைக்கு வருகிறது. பெங்களூரில் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போன செய்தி வந்ததிலிருந்து அந்தப் பெட்டியைக் காணோம். ‘ஜிபே இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்குகிறது. இது வரி ஏய்ப்பு அல்லவா? எங்கே புகார் செய்வது?

இன்னொன்று. யுபிஐ மென்பொருளை ஒருமுறை எழுதியாயிற்று. அதற்குப் பிறகு அதில் என்ன செலவு? இலவசமாகப் பழக்கிவிட்டுக் கட்டணம் கேட்கப் போகிறார்கள் என்பது மோசடி இல்லையா? 2,000 ரூபாய்க்கு மேல் 1.1 சதவீதம் பிடிக்கிறார்களாமே? நம் தரவுகளையும் விற்கிறார்களா?

செ., ஓசூர்

அன்புள்ள செ.,

அண்மையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இதே பேச்சைக் கேட்டேன். பேசியவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். ஒவ்வொருவரும் ஒரு டீக்கடையையோ பழ வண்டியையோ காட்டி, ‘அவன் என்னைவிடப் பணக்காரன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மனத்தில் கிடந்ததை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எளியவற்றை முடித்துவிடுவோம். 1.1 சதவீதம் என்பது 2023 மார்ச்சில் வந்த செய்தி. பிரீபெய்டு வாலட்டிலிருந்து, அதாவது முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் செயலிப் பையிலிருந்து, கடைக்காரருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் செலுத்தும்போது நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் தொகை அது. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் உங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமே (என்பிசிஐ) அப்போது விளக்கிவிட்டது. கணக்குப் பிரிவில் இருப்பவர் இத்தனை காலம் கழித்தும் வாட்ஸப் வதந்தியை நம்பலாமா? தரவு பற்றிய கேள்வி பெரியது. அதை இந்தக் கடிதத்தின் வாலில் கட்டிவிட முடியாது, விட்டுவிடுகிறேன்.

மென்பொருள் எழுதி முடித்த பிறகு செலவே இல்லை என்ற எண்ணத்தைப் படித்தவர்களிடம்தான் அதிகம் காண்கிறேன். நீங்கள் 15 ரூபாய் டீக்குக் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்தச் செய்தி உங்கள் செயலியிலிருந்து அதற்குப் பின்னாலுள்ள வங்கிக்கும், அங்கிருந்து கழகத்தின் கணினிக்கும், அங்கிருந்து உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக்கும் போகிறது; அந்த வங்கி ரகசிய எண்ணைச் சரிபார்த்துப் பணத்தைக் கழித்த பிறகு, மறுபடியும் கழகத்தின் வழியாகக் கடைக்காரரின் வங்கிக்குத் தகவல் போய் வரவு வைக்கப்படுகிறது. இத்தனையும் சில நொடிகளில் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி முறை நடந்தது. அதே ஆண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலும் இந்த ஏற்பாடு தடுமாறி நின்றபோது நாடே கூச்சலிட்டது. நிற்காமல் ஓடவைப்பதற்குத்தான் சர்வர்களும், மின்சாரமும், ராத்திரி விழித்திருக்கும் பொறியாளர்களும், மோசடி தடுப்புப் பிரிவும், பணம் போய்ச் சேராதபோது புகார் கேட்கும் ஆட்களும் வேண்டியிருக்கிறது. 15 ரூபாய் அனுப்பினாலும் 15,000 ரூபாய் அனுப்பினாலும் இந்தச் செலவு ஏறத்தாழ ஒன்றே.

இதை யார் கொடுக்கிறார்கள்? 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே வங்கிகள் சுமக்கின்றன. அரசு ஊக்கத்தொகையாக ஒரு பகுதியைத் தருகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு 1,500 கோடி ஒதுக்கி, சிறு வணிகருக்குச் செல்லும் 2,000 ரூபாய் வரையான பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம் என்றார்கள். உங்கள் டீக்கு அது இரண்டேகால் காசு வருகிறது. ரொக்கமும் இலவசமில்லை: அதே 2024-25இல் நோட்டு அச்சிட மட்டும் ரிசர்வ் வங்கிக்கு ஏறத்தாழ 6,373 கோடி செலவாயிற்று. அந்தப் பணமும் உங்கள் பையிலிருந்து நேராக எடுக்கப்படாததால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களிடம் சிறு கட்டணம் வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெருக்கடையைத் தொடக் கூடாது.

இனி அந்த டீக்கடைக்கு வருவோம். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததும் இங்கேதான்.

மாதம் 1,80,000 என்று எழுதி, அடுத்த வரியிலேயே உங்கள் சம்பளத்தை அதன் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். முதல் எண் விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை; இரண்டாவது வருமானம். நீங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் ஆண்டு விற்பனை முழுவதும் முதலாளியின் வருமானம் என்று யாராவது அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பீர்கள் அல்லவா? நாள் முழுக்கக் கொள்முதல், சம்பளம், தேய்மானம், வட்டி என்று பிரித்துப் பிரித்து எழுதும் கை, வாசலைத் தாண்டி எதிர்ப்புறம் போனதும் அத்தனையும் மறந்து ஒற்றைக் கூட்டலில் ஒரு மனிதரைப் பணக்காரராக்கிவிடுகிறது. ஸ்பீக்கர் பெட்டி உள்ளே வரும் பணத்தை மட்டுமே அறிவிக்கும். பால்காரருக்குப் போனதை, மாஸ்டரின் கூலியை, வாடகையை, சிலிண்டருக்குக் கொடுத்ததை அது ஊருக்குச் சொல்வதில்லை.

என் பெரியப்பா சங்கரன்கோவில் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய் எல்லாம் விருதுநகர் மொத்தக் கடைகளிலிருந்து கடனுக்கு வரும். பண்டிகை முடிந்ததும் தீர்க்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எங்கள் மாமா கடைக்கு வந்து, சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, கல்லாவை எண்ணுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு, “நான் ஒரு வருஷம் பாக்கிற பணத்த நீங்க ஒரு ராத்திரில பாத்துடுதீக அத்தான்” என்றார். பெரியப்பா பதில் பேசவில்லை. கல்லாவில் இருந்த பணம் மொத்தத்தையும் அவர் மடியில் கொட்டினார். ஆணியில் குத்தி வைத்திருந்த விருதுநகர்ச் சீட்டுகளைப் பிடுங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். மாமா எண்ணி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். எண்ணெய்க்காரர், பருப்பு மண்டி, லாரி வாடகை, கடை வாடகை, சாக்கு தைத்த கூலி, பண்டிகைக்கு வேலையாட்களுக்கு எடுத்த துணி. கடைசியில் மாமாவின் மடியில் சில நோட்டுகளும் சில்லறையும்தான் மிச்சம். அந்தச் சில்லறையிலும் ஒரு பகுதி, பஸ் கண்டக்டரிடம் கமிஷன் கொடுத்து வாங்கியது. “இதுல பாதி கடன் சிட்டையில இன்னும் வராத பணத்துக்கு ஈடு. மிச்சத்த நீங்க எடுத்துக்கோங்க மாப்ள, ஒங்க சம்பளத்த எனக்குக் குடுங்க” என்றார் பெரியப்பா. மாமா அதற்குப் பிறகும் கடைக்கு வந்துகொண்டிருந்தார், ஆனால் கல்லாப் பக்கம் பார்க்கமாட்டார்.

டீக்கடையில் லாப விகிதம் பலசரக்கைவிட அதிகம் என்பது உண்மைதான். மறைக்கவில்லை. ஆனாலும் விற்றதெல்லாம் வருமானம் இல்லை என்பதை உங்களைவிட வருமான வரிச் சட்டம் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. கணக்குப் புத்தகம் வைக்க முடியாத சிறு வணிகருக்கென்றே உத்தேச வருமான முறை ஒன்று இருக்கிறது: ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தையும், வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதத்தையும் வருமானமாகக் காட்டலாம். 2016இன் பணமதிப்பிழப்பை ஒட்டி, ஜிபே போன்றவற்றுக்கு மாறுகிறவருக்குச் சலுகையாக 6 என்று குறைத்தவர்கள் அதே அரசாங்கத்தார்தான். ஆக, வருமான வரிக்குப் பயந்து பெட்டியைக் கழற்ற அவருக்குக் காரணமே இல்லை.

அவர் பயப்படுவது ஜிஎஸ்டிக்கு. அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது பதிவு வரம்பு; டீ ஊற்றிக் கொடுப்பது சட்டப்படி உணவகச் சேவை, எனவே அவருக்கு 20 லட்சம். 15 ரூபாய் டீ நாளுக்கு 365 விற்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஆகிவிடும். வடையைச் சேர்த்தால் தாண்டிவிடும். தாண்டினால் மேல்மிச்சத்துக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். பதிவுக்குப் பிறகு ஒவ்வொரு டீக்கும் 5 சதவீதம். உங்கள் 6,000 கணக்குப்படி விற்பனை 21,90,000, வரி 1,09,500. வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்பவருக்கு ஒன்றுமில்லை, சற்று மேலே நிற்பவருக்கு லட்ச ரூபாய். இதை வாடிக்கையாளரிடம் வாங்கலாம் என்பார்கள். 15 ரூபாய் டீக்கு 75 காசு எப்படி வாங்குவது? மொத்த விற்பனையில் ஒரே விகிதமாக வரி கட்டும், எளிமையானது என்று சொல்லப்படும் காம்பொசிஷன் முறையிலோ வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது, கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும். அவர் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு ஏற்கெனவே 18 சதவீத வரி கொடுத்துவருகிறார். உங்கள் வீட்டு சிலிண்டருக்கு 5. அவர் கொடுத்த அந்த 18ஐ, சாதாரணப் பதிவானாலும் காம்பொசிஷனானாலும், தாம் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. வரி ஏய்ப்பவர் என்று நீங்கள் எழுதியவர் இவர்தான்.

கர்நாடகத்தில் 2025 ஜூலையில் நடந்ததும் உங்களுடைய அதே பிழைதான், அரசாங்க அளவில் நடந்தது. யுபிஐயில் வந்த தொகை அத்தனையையும் கூட்டி வரிக்குட்பட்ட விற்பனையாக வைத்துக்கொண்டார்கள். வரியே இல்லாத காய்கறியை விற்றவருக்கு 29 லட்ச ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. ஒரு சிறு கடைக்காரரின் கணக்கில் சீட்டுப் பணம் வரும், மச்சினன் திருப்பித் தந்த கைமாற்று வரும், அடுத்த கடைக்காரருக்காக வாங்கிக் கொடுத்த தொகையும் வரும். எது விற்பனை, எது வெறும் போக்குவரத்து என்று கணினிப் பட்டியல் பிரிக்காது. தெருக்கடைகள் குறியீட்டு அட்டையைக் கிழித்துப்போட்ட பிறகே, பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, இனிப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்த முடிவு சரியானது. ஆனால் அதற்குள் ஓசூர் வரை பயம் பரவிவிட்டது. நீங்கள் பார்த்த அட்டை அதன் விளைவு.

ரொக்கத்துக்குப் பின்னால் ஒளிவதை நான் சரியென்று சொல்லவில்லை. வரம்பைத் தாண்டியவர் பதிவு செய்யத்தான் வேண்டும். சம்பளக்காரரான உங்கள் எரிச்சலும் எனக்குப் புரிகிறது. கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்ளப்படுகிற ஒருவருக்கு மற்றவர்கள் தப்பிப்பதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த எரிச்சலோடு நீங்கள் போக வேண்டிய இடம் புகார்ப் பெட்டி இல்லை.

நீங்கள் கணக்குத் தெரிந்தவர். ஒரு மதிய இடைவேளையில் எதிர்க்கடைக்குப் போய், அவருடைய பால் சீட்டையும் சிலிண்டர் பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். விற்பனை உண்மையிலேயே 20 லட்சத்தைத் தாண்டுகிறதா, தாண்டினால் எந்த முறையில் பதிவது அவருக்கு நல்லது, டீயை 16 ரூபாயாக்கினால் வரி போக என்ன நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விலையை ஏற்றினால் உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.